திரைப்படச் சங்கங்களும் பழவேற்காட்டுக் குப்பங்களும்

நம் நாட்டில் சங்கம் என்று பெயர் வைத்து எதை ஆரம்பித்தாலும், யாரைச் சேர்த்துக் கொள்வது என்பதைவிட யாரை வெளியே நிறுத்துவது என்கிற யோசனையே முந்திக் கொண்டு வருகின்றது. கோயிலுக்கு ஒரு வாசற்படி, ஓட்டலுக்கு ஒரு பந்தி, குளத்துக்கு ஒரு துறை என்று வைத்து வாழ்ந்த தேசத்தில் சினிமாவுக்கு மாத்திரம் ஒரு கதவு இல்லாமற் போகுமா? அதுவும் வந்துவிட்டது. அதற்குத்தான் திரைப்படச் சங்கம், அதாவது பிலிம் சொஸைட்டி, என்று பெயர். அங்கத்தினர்களுக்கு மட்டும் படம். அங்கத்தினர்களுக்கு மட்டும் டைரக்டரின் பிரசங்கம். கேள்வி கேட்கும் உரிமையும் அங்கத்தினர்களுக்கு மட்டுமே.

நாம் இப்படிப்பட்ட சங்கங்களுக்கு விரோதிகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொட்டகைக்காரர் லாபமில்லையென்று தள்ளிவிடுகிற படத்தை நாலு திக்கிலிருந்தும் வரவழைத்துக் காட்டுவதும், எடுத்தவரையே கூப்பிட்டுப் பேசச் சொல்வதும் நல்ல காரியங்களே. அறிவு வளர்வதை நாம் ஏன் ஆட்சேபிக்க வேண்டும்? நாம் கேட்பதெல்லாம், சென்னை நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் குப்பம் குப்பமாக வாழ்கிற ஜனங்கள் இந்த அறிவு வளர்ச்சியில் எந்தக் கணக்கில் சேருகிறார்கள் என்பதுதான். படத்தில் வருகிற கணக்கில் சேருகிறார்கள். படம் பார்க்கிற கணக்கில் சேருகிறார்களா?

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சங்கதி விளங்கும். 1925இல் லண்டனில் பிலிம் சொஸைட்டி என்று ஒன்று ஏற்பட்டது. பெர்னார்ட் ஷா, எச். ஜி. வெல்ஸ் போன்ற பெரிய பெரிய அறிவாளிகள் எல்லாம் அதன் ஆரம்ப அங்கத்தினர்கள். தணிக்கைக்காரர் பொது ஜனங்களுக்குக் கூடாது என்று தடுத்த படங்களை, "இது பொதுக் காட்சி அல்ல, எங்கள் அங்கத்தினர்களுக்கு மட்டும்" என்று சொல்லிக் காட்டி வந்தார்கள். 1929 நவம்பர் 10ஆம் தேதி அங்கே இரண்டு படங்களைச் சேர்த்துக் காட்டினார்கள். ஒன்று ஐசன்ஸ்டைன் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்'. மற்றொன்று ஜான் கிரியர்ஸன் எடுத்த 'டிரிப்டர்ஸ்'. அது வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போகிற தொழிலாளிகளைப் பற்றியது. கலகம் செய்த கப்பல்காரர்களைப் பற்றி ஒரு படம், வலை போட்ட மீன்காரர்களைப் பற்றி ஒரு படம். பார்த்து ரசித்தவர்களோ சந்தா கட்டிய கனவான்களும் சீமாட்டிகளும். இது வேடிக்கை அல்லவா?

அதற்கு மேலும் ஒரு வேடிக்கை நடந்தது. தொழிலாளர் பக்கத்தைச் சேர்ந்த 'மாஸஸ் ஸ்டேஜ் அண்டு பிலிம் கில்டு' என்னும் சங்கம், சொற்பச் சந்தாவில் ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு, புடோவ்கின் எடுத்த 'தாய்' படத்தைக் காட்ட 1930இல் அனுமதி கேட்டது. லண்டன் கவுண்டி கவுன்சில் முடியாது என்று சொல்லிவிட்டது. அதே படத்தைப் பெரிய சந்தா சங்கம் அதற்கு முன்பே காட்டிவிட்டிருந்தது! அதாவது, பணக்காரன் கண்ணில் பட்டால் கலை. கூலிக்காரன் கண்ணில் பட்டால் கலகம். அங்கத்தினர் சீட்டு என்பது இப்படி ஆரம்பத்திலேயே இரண்டு முகம் கொண்டதாயிருந்தது. ஒரு முகம் தணிக்கைக்காரனை ஏமாற்றியது, அது நல்லது. மறு முகம் ஏழையை வாசலில் நிறுத்தியது, அதை யாரும் பேசுவதில்லை.

நம் தேசத்துக்கு வருவோம். 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலானவர்கள் கல்கத்தாவில் ஒரு சங்கம் வைத்தார்கள். 1959இல் கல்கத்தா, டெல்லி, சென்னை, பம்பாய், பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ராயைத் தலைவராக வைத்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை உண்டாக்கின. ஊர்ப் பெயர்களை மறுபடியும் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு கிராமமாவது உண்டா? காந்தியார் தேசம், கிராம தேசம் என்று மேடைதோறும் பேசப்பட்ட காலத்தில் கிராமத்தானுக்கு நல்ல படம் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அந்தக் காலத்து நிலைமை என்று விட்டுவிடலாம். 'அம்மா அறியான்', 'அக்ரஹாரத்தில் கழுதை' படங்களை இன்றைக்கும் தமிழ்நாட்டில் பார்த்திருப்பவர் யார் என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தால், அது நகரத்து ஹால்களில் உட்கார்ந்தவர்களின் கணக்காகத்தான் இருக்கும். 1977இல் ஜான் ஆபிரகாம் அக்கிரகாரத்தையே கழுதையைக் கொண்டு கேலி செய்து தமிழில் படம் எடுத்தார். தேசிய விருதும் கொடுத்தார்கள். கேலி யாருக்குப் பிரயோஜனமோ அந்த ஜனங்கள் பார்க்க வழி செய்தார்களா?

நிற்க. இந்தக் கேள்வியை எழுப்பினால் உடனே வருகிற பதில் ஒன்று உண்டு. "குப்பத்து ஜனங்களுக்கு இந்தப் படம் விளங்காது" என்பதே அது. இது நமக்குப் பழக்கமான பதில். வேதம் விளங்காது என்றார்கள், படிப்பு வராது என்றார்கள், ஓட்டுப் போடத் தெரியாது என்றார்கள். இப்போது படம் விளங்காது என்கிறார்கள். பாஷைதான் மாறியிருக்கிறதே தவிர ஆசாமியும் மாறவில்லை, புத்தியும் மாறவில்லை.

விளங்குமா விளங்காதா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் நடந்ததைக் கொண்டு பார்ப்போம். கர்நாடகத்தில் ஷிமோகா ஜில்லாவில் ஹெக்கோடு என்று ஒரு பாக்குத்தோட்டக் கிராமம் இருக்கிறது. அங்கே கே. வி. சுப்பண்ணா என்பவர் 1949இல் 'நீநாசம்' என்னும் நாடக சங்கத்தை ஆரம்பித்தார். 1973இல் அதிலேயே திரைப்படச் சங்கமும் வைத்தார்கள். 1977இல் அந்தக் கிராமத்திலேயே விழா நடத்தி 'பதேர் பாஞ்சாலி' முதலிய படங்களைக் கிராமத்தாருக்குக் காட்டினார்கள். ஜனங்கள் ஓடிப்போகவில்லை, உட்கார்ந்து பார்த்தார்கள், பேசினார்கள். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகஸேஸே பரிசும் கிடைத்தது. பரிசு கிடக்கட்டும், பாக்கு உரிக்கிறவனுக்கு விளங்கினது இறால் பிடிக்கிறவனுக்கு மட்டும் விளங்காமற் போக என்ன காரணம்? கண் அமைப்பில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

நம் தமிழ்நாட்டிலேயே சினிமா ஆரம்பித்தது எப்படி? 1905இல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷினையும் பிலிமையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போனார். பேச்சே இல்லாத வெள்ளைக்காரப் படங்களை நம் ஜனங்கள் அன்றைக்குப் பார்த்து விளங்கிக் கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இன்று விளங்காது என்று சொன்னால் ஜனங்களுக்கு அறிவு குறைந்துவிட்டது என்று அர்த்தமா, அல்லது சங்கத்தாருக்குக் கூடாரத்தைத் தூக்க முதுகு வளையவில்லை என்று அர்த்தமா?

இன்னொன்றையும் சொல்லுகிறோம். இத்தாலியில் லூக்கீனோ விஸ்கோந்தி என்பவர் 1948இல் 'பூமி நடுங்குகிறது' என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் வெளியிட்டார். சிசிலித் தீவில் ஆச்சி திரேஸா என்கிற மீன்பிடி ஊரில், அந்த ஊர் ஜனங்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேசுகிற பேச்சையே பேச வைத்து எடுத்தது. அந்தப் பேச்சு இத்தாலிக்காரர்களுக்கே விளங்காமல் விளக்கம் போடவேண்டியிருந்தது. கதை என்ன? மீனுக்கு விலை வைக்கிறவன் மொத்த வியாபாரி. பிடிக்கிறவன் பிடித்து, அவன் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வரவேண்டும். ஒரு குடும்பத்துப் பையன் இது என்ன அநியாயம் என்று வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யப் பார்க்கிறான். ஒரு புயலில் படகு போகிறது; வீடும் போகிறது; கடைசியில் அதே வியாபாரியிடம் தலை குனிந்து கூலிக்கு நிற்கிறான். இதைச் சென்னையில் குளிர்சாதன ஹாலில் உட்கார்ந்திருக்கிற அங்கத்தினருக்கு விளக்க ஒரு புரொபஸர் வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டுப் பிடித்த இறாலை வேறு ஆளுக்கு விற்க முடியாமல் இருக்கிற மனிதனுக்கு யார் விளக்க வேண்டும்? இந்த அங்கத்தினருக்கு அவனல்லவா வந்து விளக்கவேண்டும்?

டைரக்டர் பிரசங்கம் என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நட்சத்திரத்தின் கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிற வாலிபனைக் கண்டு சங்கத்து அங்கத்தினர் சிரிக்கிறார். நாமும் சிரிக்கிறோம், வருத்தத்தோடு. குடிக்கிற பாலை அட்டைப் பொம்மைக்கு ஊற்றுவது மடத்தனம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த அங்கத்தினர் என்ன செய்கிறார்? டைரக்டர் மேடைக்கு வந்தவுடன் எழுந்து நிற்கிறார். "தங்களுக்கு இந்த எண்ணம் எப்படி உதித்தது?" என்று கேட்கிறார். "அந்தக் காட்சியில் அந்தக் கொக்கு எதைக் குறிக்கிறது?" என்று கேட்கிறார். டைரக்டர் ஏதோ சொல்ல, மகான் அருள்வாக்குப் போல எழுதிக் கொள்கிறார். பிறகு பக்கத்தில் நின்று போட்டோ. இதற்கும் கோயிலில் குருக்களிடம் விபூதி வாங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். "எங்கள் ஊரை நீர் ஏன் இப்படிக் காட்டினீர்? எங்களிடம் கேட்டீரா? நடித்தவர்களுக்குக் கூலி என்ன?" என்று கேட்கக்கூடிய ஆள் அந்த ஹாலில் ஒருவர்கூட இல்லாதபோது டைரக்டருக்கு அது பரீட்சையாகுமா, பூஜையாகுமா?

மீன்காரர்களைப் பற்றி எடுத்த படங்களுக்கு இந்தப் பரீட்சை எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1934இல் ராபர்ட் பிளாஹர்ட்டி அயர்லாந்துப் பக்கத்து அரன் தீவுகளில் 'மேன் ஆப் அரன்' என்கிற படம் எடுத்தார். அதில் தீவு ஜனங்கள் சிறு படகில் போய்ப் பெரிய சுறாவை ஈட்டி எறிந்து பிடிப்பதாகக் காட்டினார். அந்த வழக்கம் அங்கே அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒழிந்துவிட்டது. படத்துக்காகவே அந்த மனிதர்களுக்குப் புதிதாகக் கற்றுக் கொடுத்து ஆபத்தான கடலில் இறக்கினார்கள். நிலம் யாருடையது, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் படத்தில் இல்லை. அலையும் பாறையும் வீரமும்தான் இருந்தன. வெனிஸ் விழாவில் அதற்குக் கிடைத்தது முசோலினி கோப்பை! ஏழை சாகசம் செய்வதைக் கண்டால் சர்வாதிகாரிக்கும் சந்தோஷந்தான்; கணக்குக் கேட்டால்தான் கஷ்டம்.

நம் பக்கத்தில் 'செம்மீன்' இருக்கிறது. 1965இல் ராமு காரியாத் எடுத்தது, தகழியின் நாவல். ஜனாதிபதி தங்கப் பதக்கம் பெற்ற முதல் தென்னாட்டுப் படம் என்று சங்கத்தார் பெருமையோடு திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். படம் அழகாயிருக்கிறது, பாட்டு நன்றாயிருக்கிறது, நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் முதுகெலும்பாக இருக்கிற நம்பிக்கை எது? கரையில் இருக்கிற மனைவி கற்புத் தவறினால் கடலில் இருக்கிற புருஷனைக் கடலம்மை விழுங்கிவிடுவாள் என்பது. கடைசியில் கதையும் அப்படியே முடிகிறது. அதாவது காற்று, அலை, ஓட்டைப் படகு, கடன் எதுவும் காரணமல்ல. பெண்பிள்ளையின் மனசுதான் காரணம்! ஆண் கரையேறி எங்கு சுற்றினாலும் கடலம்மைக்குத் தெரியாது போலும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் அலை வந்து கரையை வாரிக்கொண்டு போனதே, அன்றைக்கு எந்தப் பெண்ணின் கற்பைச் சோதித்தாள் இந்தக் கடலம்மை? சுமத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி பெயர்ந்தது; அலை வந்தது; அவ்வளவுதான். இந்தப் படத்தைப் பழவேற்காட்டுப் பெண்களுக்கு நடுவில் காட்டி, காட்டி முடித்தவுடன் விளக்கைப் போட்டு, "இது சரியா?" என்று கேட்கும்படி எந்தச் சங்கத்தையாவது அழைக்கிறோம். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் தாங்களே இறங்கி இறால் தடவுகிற பெண்களும், விடிவதற்கு முன் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிற பெண்களும் இருக்கிற ஊரில், கரையில் உட்கார்ந்து கற்பைக் காக்கும் பெண்ணைப் பற்றி அவர்கள் சொல்லும் அபிப்பிராயம் எந்தப் புரொபஸர் கட்டுரையையும்விட விசேஷமாயிருக்கும்.

இனிப் பழவேற்காட்டுக்கே வருவோம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பாகம் ஆந்திரத்தில், தெற்குக் கோடி நம்மிடம். காமிரா இந்த ஊருக்குப் புதிதல்ல. பூநாரை வருகிற பருவத்தில் மூன்று முழ நீளக் குழாய் மாட்டிய காமிராக்கள் வருகின்றன. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டை எடுக்க வருகிறார்கள். 1613இல் அவர்கள் கட்டிய ஜெல்டிரியாக் கோட்டை இருந்த மேட்டை எடுக்கிறார்கள். அந்த டச்சுக்காரர்கள் இதே துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்களே, அதை எத்தனை பேர் எடுத்தார்கள்? எடுத்ததைத்தான் எத்தனை பேர் குப்பத்தில் வந்து காட்டினார்கள்? பறவைக்காவது தன் படத்தைப் பார்க்க ஆசையில்லை. மனிதனுக்கு?

இது வெறும் ரசனை விஷயமானால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், சாம்பல், 2001இல் திறந்த துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018இல் அதானி கம்பெனி கைக்கு வந்தது. 330 ஏக்கரை 6,000 ஏக்கருக்கு மேல் விஸ்தரிப்பதென்று திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்த பொதுஜன விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. கடற்கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும், ஏரி செத்துப்போகும் என்று மீனவர்கள் கூச்சலிடுகிறார்கள். இப்படிப்பட்ட திட்டங்கள் எல்லாம் முதலில் ஜனங்களிடம் எந்த ரூபத்தில் வருகின்றன? படமாகத்தான் வருகின்றன. வரைபடம், வர்ணப்படம், பச்சை மரமும் நீலத் தண்ணீருமாகக் கம்ப்யூட்டரில் செய்த படம். எது சட்டத்துக்குள் இருக்கிறது, எது வெளியில் விடப்பட்டது, எங்கேயிருந்து பார்த்து எடுத்தது, யார் பணத்தில் எடுத்தது என்று கேட்கத் தெரிந்தவனை இந்தப் படத்தைக் காட்டி ஏய்க்க முடியாது. இந்தக் கேள்விகளைத்தானே திரைப்படச் சங்கங்கள் தம் ரசனை வகுப்புகளில் கற்றுக் கொடுப்பதாகச் சொல்லிக் கொள்கின்றன? அப்படியானால் அந்த வகுப்பு முதலில் எங்கே நடக்கவேண்டும்? நிலத்தை இழக்கப் போகிறவன் ஊரிலா, அல்லது ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாதவன் ஊரிலா?

செய்து காட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கனடா தேசத்தில் நியூபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் போகோ என்கிற தீவு. மீன்பிடி கிராமங்கள், மீன் குறைந்து வறுமை வந்தது. ஜனங்களை வேறிடத்துக்குக் குடியேற்றிவிடலாம் என்று சர்க்கார் யோசித்தது. 1967இல் காலின் லோ என்பவர் தேசியத் திரைப்பட வாரியத்தின் காமிராவோடு போய் அந்த ஜனங்கள் பேசியதை 25க்கு மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். எடுத்ததை எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்கு ஓடவில்லை. பேசியவர்களிடமே முதலில் காட்டிச் சம்மதம் வாங்கினார். பிறகு ஒரு கிராமத்துப் படத்தை அடுத்த கிராமத்தில் காட்டினார். எதிரும் புதிருமாக இருந்த கிராமங்கள் தங்கள் கஷ்டம் ஒன்றே என்று கண்டுகொண்டன. அதற்குப் பிறகு மந்திரிகளுக்குக் காட்டினார்கள். மந்திரிகள் சொன்ன பதிலையும் படமெடுத்துக் கொண்டுவந்து தீவாருக்குக் காட்டினார்கள். தீவு காலியாகவில்லை. ஜனங்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். படமே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஜனங்கள் செய்தார்கள். ஆனால் கண்ணாடி அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் 1984இல் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 'ஒடேஸா' என்று கூட்டம் சேர்த்து, சாப்ளின் நடித்த 'தி கிட்' படத்தை ஊர் ஊராகக் காட்டி ஜனங்களிடமே காசு திரட்டி 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். தனுஷ்கோடியில் மீனவர்களையும் அகதிகளையும் நடிக்க வைத்து லீனா மணிமேகலை எடுத்த 'செங்கடல்' படத்துக்குத் தணிக்கைக்காரர் முதலில் அனுமதி மறுத்தார்கள். போராடி 2011இல்தான் அனுமதி பெற்றது. மதுரையில் அமுதன் டாக்குமெண்டரிப் படங்களுக்கென்றே வருஷா வருஷம் விழா நடத்தி வந்திருக்கிறார். ஆகவே முடியாது என்பது பொய். மனசில்லை என்பதுதான் மெய்.

இதில் குப்பத்துப் பெரியதனக்காரர்களும் நமக்கு மகிழ்ச்சி கொள்ளவேண்டாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப்போட்டு முறை வைத்துக் கொள்வது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகியவற்றில் தலைக்கட்டுக்காரர்களுக்கு அந்த உரிமை. சண்டையில்லாமல் பங்கிட்டுக் கொள்ள நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெண்ணின் பெயர் உண்டா? கையால் தடவிப் பிடிக்கிற இருளரின் பெயர் உண்டா? வேறு சாதிக்காரர் பெயர் உண்டா? சென்னைச் சங்கத்துக்கு அங்கத்தினர் சீட்டு என்றால் இங்கே தலைக்கட்டுச் சீட்டு. ஆகவே நாளைக்கு எந்தச் சங்கமாவது குப்பத்துக்குப் படம் கொண்டுவந்து, முதல் வரிசை நாற்காலியில் தர்மகர்த்தாவையும் நாட்டாரையும் உட்கார வைத்து, மாலை போட்டு, பெண்களைப் பின்னால் தரையில் உட்கார வைத்து, இருளரை வேலிக்கு அப்பால் நிற்க வைத்துக் காட்டுமானால், அதைவிடக் காட்டாமலிருப்பதே மேல். கோயில் திருவிழாவுக்கு நடுவில் காட்டினாலும் அதே கதிதான்; சாமிக்கு முன்னால் யார் எங்கே நிற்பது என்கிற சண்டைதான் மிஞ்சும். பள்ளிக்கூட மைதானத்தில் காட்டட்டும், அல்லது வலை உலர்த்துகிற மணலில் காட்டட்டும்.

"இப்போதுதான் ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறதே, அதில் உலகத்துப் படமெல்லாம் வருகிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். வருகிறது, வாஸ்தவம். ஆனால் போனோடு சண்டை போட முடியுமா? அது ஒருவனைத் தனியாக உட்கார வைத்து, அவனுக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் பார்த்து, அதையே மறுபடியும் மறுபடியும் ஊட்டுகிறது. நூறு பேர் சேர்ந்து ஒரே திரையைப் பார்த்துவிட்டு, எடுத்த மனிதரை நேரில் நிறுத்தி "இது பொய்" என்று ஒரு கிழவி சொல்வது போனில் நடக்காது.

செலவு அதிகம் என்பதும் சாக்கு. ஒரு வெள்ளைத் திரை, ஒரு புரொஜெக்டர், ஒலிபெருக்கி, ஒரு வண்டி. விழாவில் பிரமுகர்களுக்குப் போர்த்துகிற பொன்னாடைச் செலவை நிறுத்தினால் பாதி வந்துவிடும். நாளை மட்டும் குப்பத்தாரைக் கேட்டு வைக்கவேண்டும். பாட்டு முறையும் நிலவும் பார்த்துத்தான் அவர்கள் ராத்திரி ஓய்வாயிருப்பார்கள். சந்தையிலிருந்து பெண்கள் திரும்பி வந்து, உலை வைத்து இறக்கின பிறகுதான் படம் ஆரம்பிக்கவேண்டும். அப்பால், பழவேற்காட்டில் காமிரா வைத்து எடுத்த எந்தப் படத்தையும், எடுத்தவர் இந்த மணலில் வந்து ஒரு தரம் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால்தான் எங்கள் ஹாலில் திரையிடுவோம் என்று சென்னைச் சங்கங்கள் ஒரு தீர்மானம் போடட்டும். இதற்குச் சர்க்கார் உத்தரவும் வேண்டாம், தணிக்கைச் சீட்டும் வேண்டாம். எந்தச் சங்கத்தாராவது இதை ஆட்சேபித்துக் காரணம் எழுதியனுப்பினால் அதையும் அப்படியே நம் பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கிறோம்.